மேலேயிருந்து பார்த்த ஏரிகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை. கூடியவரை பேசியபடியே தந்திருக்கிறேன். திரையில் காட்டிய படங்களை மலரில் அச்சிட இடமில்லை என்பதால் அவற்றை வார்த்தையில் விளக்கியிருக்கிறேன்.)



செயலாளர் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். அதில் நாலு நிமிஷம் மைக் சரிபண்ணவே போயிடுச்சு. போன சந்திப்பில் பேசிய நண்பர் சூளை எரிபொருள் பற்றிப் பேசினார், அதற்கு முந்தினவர் கிளேஸ் பற்றி. நான் ஏரி பற்றிப் பேசப் போகிறேன். "பீங்கான் படிச்சவனுக்கு ஏரியில என்ன வேலை?"ன்னு முகத்தைச் சுளிக்க வேண்டாம். கடைசியில் களிமண்ணுக்குத்தான் வருவேன்.

நம்மில் பாதிப் பேர் வேலைக்கு குஜராத் பக்கம் போனவர்கள். நானும் மோர்பியில் டைல்ஸ் கம்பெனிகளில் பல வருஷம் இருந்தேன். ரயிலிலேயே வந்து போய்க்கொண்டிருந்தவன், கம்பெனி செலவில் முதல் தடவை விமானத்தில் சென்னைக்கு வந்தேன். ஜன்னல் சீட். ஒரு கார்த்திகை மாசக் காலை, வெயில் சாய்வாக அடிக்குது. விமானம் இறங்க ஆரம்பித்ததும் கீழே பார்க்கிறேன், தரை பூராவும் பிறை பிறையாகக் கிடக்கு. பெரிய பிறை, சின்னப் பிறை, ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அத்தனையும் ஏரி. காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஜில்லாக்களின் ஏரிகள். சின்ன வயசிலிருந்து ஏரிக்கரை மேலேயே நடந்தவன் நான். கரை வளைந்து போகுதுன்னு தெரியும். எல்லாக் கரையும் ஏறக்குறைய ஒரே பக்கமாக வளைந்திருக்கு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

காரணம் சுலபம். நம்ம நாடு மேற்கே உசரம், கிழக்கே பள்ளம். நம்ம மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்வராயன் மலைப் பக்கமிருந்து கடல்வரை நிலம் சரிந்துகொண்டே வருது. சரிவில் ஓடிவரும் மழைத்தண்ணியைக் குறுக்கே கை நீட்டி மறித்தால் எப்படியிருக்குமோ, அதுதான் ஏரிக்கரை. அதனால் பிறையின் வயிறு பெரும்பாலும் கிழக்கே பார்த்திருக்கும், வாய் மேற்கே திறந்திருக்கும். கரையில் மதகு. மதகுக்குக் கீழே ஆயக்கட்டு. நிறைந்து வழிந்தால் கலங்கல். கலங்கலில் விழுந்த தண்ணி வீணாகப் போகாது, அடுத்த ஊர் ஏரிக்கு வரத்துக்காலாகப் போகும். டவுனில் வளர்ந்த மாணவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்படி 39,000-க்கு மேல் ஏரி, குளம், கண்மாய் இருப்பதாக அரசுக் கணக்கு. பக்கத்திலேயே வீராணம் இருக்கு, 16 கிலோமீட்டர் நீளம். முதலாம் பராந்தகன் காலத்தது, அதாவது ஆயிரம் வருஷத்துக்கு மேல். கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிடத் தண்ணி வருது. 2004-லிருந்து சென்னைக்காரர்கள் குடிக்கிறதும் அந்தத் தண்ணியில் ஒரு பங்குதான். அதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று ஒரு குழுவே இருக்கு. குடவோலையில் பேர் எடுத்து, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருக்கிறார்கள். நம்ம சங்கத் தேர்தலைவிட ஒழுங்காக நடந்திருக்கும் போல. (தலைவர் மன்னிக்க வேண்டும்.)

மேலேயிருந்து பார்த்துப் பழைய விவசாயத்தைக் கண்டுபிடிக்கிறது ஒரு தனிப் படிப்பாகவே வளர்ந்திருக்கு. இங்கிலாந்தில் கிராஃபோர்டு என்று ஒருவர், நில அளவைத் துறையில் தொல்லியல் அதிகாரி. 1920-களில் விமானப்படைக்காரர்கள் எடுத்த படங்களை வாங்கிப் பார்த்தார். தரையில் நின்றால் வெறும் புல்வெளி. படத்திலோ ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய வயல் வரப்புகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. மண்ணுக்குள் பழைய வாய்க்கால் புதைந்திருந்தால் அதன்மேல் பயிர் செழித்து நிற்கும். பழைய சுவர் புதைந்திருந்தால் அதன்மேல் வாடி நிற்கும். வறட்சிக் காலத்தில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். அந்த நாட்டில் இடைக்கால உழவின் தடமும் இருக்கு. பெரிய ஏரில் எட்டு மாடு வரை கட்டி உழுதிருக்கிறார்கள். அவ்வளவு நீளமான மாட்டு வரிசையை வயல் கோடியில் திருப்ப முடியாது, கொஞ்சம் முன்னாலேயே வளைக்க ஆரம்பிக்கணும். அதனால் உழவு மேடுகள் நேராக இல்லாமல் நெளிந்து கிடக்கின்றன. மாடு செத்து எத்தனையோ நூறு வருஷம் ஆச்சு. அது திரும்பின இடம் இன்னும் தெரியுது.

நம்ம ஊரிலும் மாட்டுத் தடம் உண்டு. கூகுள் எர்த்தைத் திறந்து விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கம் பழைய கிணறுகளைத் தேடுங்கள். சதுரமாகப் பெரிய கிணறு, அதன் ஒரு பக்கத்தில் வால் மாதிரி ஒரு சரிவு. பட்டம் மாதிரி இருக்கும். அது கவலை ஓட்டின சரிவு. மாடு முன்னால் இறங்கினால் சால் மேலே வரும், பின்னால் வந்தால் சால் கிணற்றுக்குள் போகும். எங்கப்பா ஓட்டியிருக்கிறார். கரண்டு மோட்டார் வந்தபிறகு கவலை நின்று போச்சு. கிணறு தூர்ந்து குப்பைமேடான இடத்திலும் அந்த வால் மட்டும் கருவேலஞ்செடியோடு நிற்கும். திரையில் பாருங்கள், இது எங்க கொல்லைக் கிணறு. என் தங்கைகூட "இது நம்ம கிணறாண்ணே?"ன்னு நம்பாமல் கேட்டாள்.

சரி, ஏரிக்கு வருகிறேன். இருக்கிற ஏரியைப் பார்க்க யாருக்கும் கண்ணாடி வேண்டாம். இல்லாமல் போன ஏரியை எப்படிப் பார்ப்பது? மூன்று நாலு அடையாளம் எனக்குப் பழகியிருக்கு. ஒன்று, காரணமே இல்லாமல் வளைகிற ரோடு. சமதரையில் எதற்காக ஒரு ரோடு வில் மாதிரி வளையணும்? அது பழைய கரையாக இருக்கும். ஒரு பக்கம் பனைமரம் வரிசையாக நின்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இன்னொன்று, நிலத்தின் துண்டு. கரைக்குக் கீழே பரம்பரை நன்செய் எல்லாம் சின்னச் சின்னத் துண்டு, வாய்க்காலை ஒட்டி ஒடுங்கிக் கிடக்கும். உள்வாயில் பிற்காலத்தில் பிரித்த நிலம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி பெரிசு பெரிசாக இருக்கும். ஊர்ப் பேரும் சொல்லும், தாங்கல், ஏந்தல் என்று முடிந்தால் கொஞ்சம் நின்று பார்க்கணும். சென்னை தியாகராய நகரே 1920-களில் நீண்ட ஏரி ஒன்றை வடித்துப் போட்ட நகர்தானே. தண்ணி போய் நூறு வருஷம் ஆகியும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கு, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கு.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம் நிறம். மழை விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில், சுற்றி இருக்கிற தரை வெளுத்துப் போயிருக்கும்போது, ஒரு பிறை மட்டும் கருப்பாக இருக்கும். ஏன்? இங்கேதான் நம்ம படிப்பு வருது.

முதல் வருஷ லேபில் களிமண் கழுவினோமே, ஞாபகம் இருக்கா? மண்ணைத் தண்ணியில் கரைத்து வரிசையாகத் தொட்டிகளில் விடுவோம். மணல் முதல் தொட்டியில் உட்கார்ந்துவிடும். அதைவிடப் பொடி அடுத்ததில். கடைசித் தொட்டியில் வெண்ணெய் மாதிரிக் களி. நெய்வேலியில் ஒரு காலத்தில் களிமண் கழுவும் ஆலையே இருந்தது, அதே முறைதான். இப்போ ஏரியை நினைத்துப் பாருங்கள். வரத்துக்காலில் மழைத்தண்ணி கலங்கலாக உள்ளே வருது. நுழைகிற இடத்திலேயே வேகம் குறைந்து மணல் தங்கிடுது. நடுவில் வண்டல். கரை ஓரத்தில், மதகுக்கு முன்னால் ஆழத்தில், தண்ணி அசையாமல் நிற்கிற இடத்தில் மெல்லிசுக் களி. ஒரு மழைக்கு ஒரு படலம். ஆயிரம் வருஷத்துக்கு எத்தனை படலம்? நம்ம லேப் தொட்டியை ஊர் அளவுக்குப் பெரிசாக்கி, மழையைக் கொண்டு நடத்தியிருக்கிறார்கள். குயவர் வீட்டுப் பெரியவருக்கு ஏரியில் எந்த மூலையில் பானை மண், எந்த மூலையில் செங்கல் மண் என்று தெரிந்ததும் இதனால்தான்.

கரையை ஜேசிபி வைத்து ஒரு வாரத்தில் நிரவிடலாம். ரகம் பிரித்து உட்கார்ந்த களியை யாரும் எடுத்து மறுபடி மணலோடு கலக்கப் போறதில்லை. அந்தக் களி தண்ணியை விடாது. அதனால் மற்ற இடம் காய்ந்தபிறகும் அது கருப்பாகத் தெரியுது. எருவுக்கு வண்டல் அள்ளினாலும் அடியில் ஒரு படலம் மிச்சமிருக்கும். அந்தத் தடம் சுத்தமாக அழிந்த இடம் என்றால் அது சுரங்கம்தான். நெய்வேலிப் பக்கம் படத்தில் பாருங்கள், ஏரி, வயல், வரப்பு எதற்கும் அடையாளமே இல்லை, அடியோடு தோண்டியாச்சு. நம்ம சூளைகளுக்கு வந்த வெள்ளைக் களிமண்ணிலும் அந்தப் பக்கத்து மண் உண்டு. ஆகையால் நான் யார்மேலும் கல் எறிய மாட்டேன்.

இனி என் கதை. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நேற்று ராத்திரிவரை யோசித்தேன்.

ரிட்டயர் ஆவதற்குச் சில வருஷம் முன்னால், நம்ம மாவட்டத்திலேயே ஒரு டவுன் ஓரமாக மனை வாங்கினேன். ஊர்ப் பேரும் விற்றவர் பேரும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், விலை கம்மி, அங்கீகாரம் இருக்கு என்றார்கள். அப்பாவை அழைத்துப் போய்க் காட்டினேன். அவர் மனையைப் பார்க்கவில்லை, குனிந்து தரையைப் பார்த்தார்.

"ஏன்டா, நண்டு வளையா இருக்கே. இது ஏரி உள்வாய் மாதிரில்ல இருக்கு."

"அப்பா, எல்லாப் பேப்பரும் சரியா இருக்குப்பா."

"பேப்பர் சரியாத்தான் இருக்கும். நண்டு எதுக்கு இங்க வருது?"

நான் சிரித்தேன். அவருக்கு எண்பது வயசு, எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

அஸ்திவாரம் தோண்டும்போது இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தது. நாலடி ஆழத்தில் சாம்பல் நிறத்தில் களி வந்தது. பழக்க தோஷம், ஒரு உருண்டை எடுத்து விரலில் நூலாகத் திரித்தேன். மோதிரமாக வளைத்தேன். விரிசல் விடவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டு, "என்ன அருமையான மண்ணு பாருங்க மேஸ்திரி, மணலே இல்ல"ன்னு பெருமையாகக் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மணலே இல்லாத களி ஒரு சமதரையில் எப்படி வந்து சேரும் என்று, அதையே படித்துப் பட்டயம் வாங்கினவன் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. பத்து சென்டிமீட்டர் கோடு போட்டுக் காய்ந்தபின் எவ்வளவு சுருங்குதுன்னு எத்தனை கட்டி அளந்திருப்போம்! அந்தக் கட்டிமேலேயே வீடு கட்டினேன். இரண்டாவது கோடையிலேயே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடியது. பூசினேன். அடுத்த கோடையில் மறுபடி.

2015 நவம்பர் 9-ஆம் தேதி புதுச்சேரிப் பக்கம் கரை கடந்த மழை நம்ம மாவட்டத்தை என்ன பண்ணிச்சுன்னு இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம். பண்ருட்டி வட்டத்தில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் பக்கம் உயிர்களே போயின. அதோடு பார்த்தால் எங்களுக்கு நடந்தது ஒன்றுமில்லை. முழங்கால் அளவு தண்ணி, ஐந்து நாள் வடியாமல் நின்றது. கட்டில்மேல் அரிசி மூட்டை, அதன்மேல் என் புத்தகம். என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அப்பா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார்.

தண்ணி வடிந்தபிறகு மகள் கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் திறந்து, பழைய வருஷப் படங்களுக்குப் பின்னால் நகர்த்திக் காட்டினாள். மனை போடுவதற்கு முந்தைய படம். நடுவில் சுத்தமான பிறை, கருப்பாக, வயிறு கிழக்கே. எங்க தெரு அதன் ஆழமான இடத்தில். கரை எங்கே போச்சுன்னு தேடினேன். தினமும் காலையில் நான் நடக்கப் போகும் அந்த வளைந்த ரோடு. மேற்கே ஒரு ஏரி, கிழக்கே ஒரு ஏரி, இரண்டும் இன்றைக்கும் இருக்கு. நடுவிலிருந்த எங்க ஏரிதான் சங்கிலியில் அறுந்த கண்ணி. மேல் ஏரி கலங்கல் வழிந்தால் தண்ணி எங்கே போகும்? பழகின வழியாக எங்க வரவேற்பறைக்குத்தான்.

இதில் யாரைக் குத்தம் சொல்ல? விற்றவர் விற்றார், வாங்கினவன் வாங்கினான். ஏரி மராமத்து ஒரு காலத்தில் ஊர் வேலை. ஆள் வராவிட்டால் தண்டனை என்று 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டார்கள். சட்டம் போட வேண்டி வந்ததே, வழக்கம் அப்போதே தளர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். 2017-இல் குடிமராமத்து என்று மறுபடி ஆரம்பித்தார்கள், விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டலை இலவசமாக எடுக்க அனுமதித்தார்கள். நல்ல காரியம். ஆனால் எங்க ஏரியைத் தூர்வார முடியாது, அதில் குடும்பங்கள் குடியிருக்கு.

இப்போது மகளோடு இருக்க முடிவுபண்ணி வீட்டை விற்கப் போட்டிருக்கிறோம். போன தை மாதம் ஒரு வாத்தியார் வந்தார், இளம் குடும்பம். வீடு பிடித்துவிட்டது, அட்வான்ஸ் கையில் வைத்திருந்தார். தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், மழை வெயில் கதையெல்லாம் பேசிக்கிட்டிருக்காதீங்க"ன்னார். நான் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் பிறையைக் காட்டினேன். வாத்தியார் கொஞ்ச நேரம் பார்த்தார், நன்றி சொல்லிவிட்டுப் போனார். சித்திரையில் இன்னொருவர். அவருக்கும் காட்டினேன். அவரும் போய்விட்டார். தரகர் இப்போது என் போனை எடுப்பதில்லை. மகள், "காட்டாம இருந்திருக்கலாமேப்பா"ன்னு சொல்லவில்லை, ஆனால் விலையைக் குறைக்கலாமா என்று கேட்டாள். குறைத்திருக்கிறோம். என் வாழ்நாள் சேமிப்பு அது. சில ராத்திரி எனக்கே தோன்றும், என்னிடம் யாரும் காட்டவில்லையே, நான் மட்டும் ஏன் காட்டணும் என்று. காலையில் எழுந்து அந்தக் கரை ரோட்டில் நடந்துவிட்டு வருவேன்.

போகட்டும். மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம், ஆசிரியர்கள் அனுமதித்தால். கடைசி வருஷ பிராஜெக்டுக்கு இன்னும் எத்தனை நாள்தான் அதே கிளேஸ் கலவையையே மாற்றி மாற்றிப் போடுவீர்கள்? விருத்தாசலத்தைச் சுற்றி உயிரோடிருக்கும் ஒரு ஏரியை எடுங்கள். கோடையில் வரத்துக்கால் வாயில் ஒரு மாதிரி மண், நடுவில் ஒன்று, மதகடியில் ஒன்று. நம்ம லேபிலேயே துகள் அளவு பார்க்கலாம், சுருக்கம் பார்க்கலாம். பிறகு படத்தில் கருப்பாகத் தெரியும், ஏரி என்று யாரும் சொல்லாத ஒரு இடத்தில் அதே மூன்று மாதிரி எடுங்கள். இரண்டு வரிசையும் ஒத்துப்போனால் நீங்கள் ஒரு ஏரியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆயிரம் ரூபாய்கூடச் செலவாகாது. படம் பார்க்கக் கூகுள் எர்த் இருக்கு, இஸ்ரோவின் புவன் 2009-லிருந்து இருக்கு. தாலுகா ஆபீஸ் அ-பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மண்ணுக்குச் செலவாகும் ஆட்டோ வாடகையை நான் தருகிறேன். வீடு விற்றபிறகு என்று சொல்ல மாட்டேன், இப்பவே.

லேப்டாப் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்து அறையில் இருப்பேன். மனை வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள், பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் ஊர்ப் பேரும் புல எண்ணும் மட்டும் கொண்டு வாருங்கள். இரண்டு நிமிஷத்தில் பின்னுக்குத் தள்ளிப் பார்த்துவிடலாம். மூன்றாவது வரிசையில் நம்ம நண்பர் ஒருவர் இப்பவே போனை எடுத்துவிட்டார், முகம் கொஞ்சம் மாறியிருக்கு. பயப்படாதீங்க சார், முதல்ல சாப்பிடுவோம்.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்.